முக்காலியில் வைத்தும் படம் ஏன் ஆடியது?

2020ஆம் ஆண்டுத் தைப்பூசம் பிப்ரவரி 8, சனிக்கிழமை வந்தது. விடிவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போதே பத்துமலை அடிவாரத்தில் ஒரு சுவரோரம் இடம் பிடித்துவிட்டேன். முக்காலியை விரித்து, கேமராவை அதன் மேல் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன். மூன்று ஆண்டு நேர்த்திக்கடனில் அண்ணனுக்கு அது கடைசிக் காவடி. அம்மா பால்குடத்துடன் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு ஆண்டுகளிலும் நான் கைப்பேசியில் எடுத்ததெல்லாம் தலைகளும் முதுகுகளும்தான். "இந்த வருசமாச்சும் ஒழுங்கா ஒரு படம் எடுத்துக் குடுடா, சாமி மேடைக்குப் பக்கத்துல மாட்டணும்" என்று அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

எப்படிப்பட்ட படம் வேண்டும் என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. கூட்டம் ஆறு மாதிரிக் கலங்கி ஓட வேண்டும். அதன் நடுவில் அம்மாவும் அண்ணனும் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும். பின்னால் விளக்கொளியில் முருகன் சிலையும் 272 படிகளும். கூட்டம் கலங்கித் தெரிய வேண்டுமானால் ஷட்டர் கால் விநாடியாவது திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் கேமராவைக் கையில் ஆடாமல் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் முக்காலி. லென்ஸ், பழையதாக ஒருவரிடம் வாங்கிய 100-400 மி.மீ. தொலை லென்ஸ். 1990களின் இறுதியில் வந்த வடிவம். அதில் நடுக்கத் தடுப்பு வேறு இருந்தது. முக்காலியும் இருக்கிறது, நடுக்கத் தடுப்பும் இருக்கிறது, இனி என்ன கவலை என்று நினைத்தேன். இரட்டைப் பாதுகாப்பு!

அவர்கள் வந்தார்கள். படிக்கட்டுக்கு முன்னால் அண்ணன் சற்று இளைப்பாற நின்றார். நான் கையைத் தூக்கிக் காட்டியதும் அம்மா புரிந்துகொண்டு அப்படியே நின்றார். கேமராவைத் தொடாமல் ரிமோட் பொத்தானை அழுத்திப் பதினான்கு படங்கள் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அருமையாக இருந்தன.

மறுநாள் கிள்ளானில், வீட்டுக் கணினியில் திறந்து பெரிதாக்கினேன். கூட்டம் நினைத்தபடியே ஓடியிருந்தது. ஆனால் அம்மாவின் முகம் இரண்டாகத் தெரிந்தது. அசைந்திருப்பார் என்று அடுத்த படத்துக்குப் போனேன். அதிலும் அப்படியே. பிறகுதான் பின்னால் கவனித்தேன். படிக்கட்டு விளக்குகள் புள்ளிகளாக இல்லை. ஒவ்வொன்றும் வால் முளைத்துக் காற்புள்ளியாக நின்றது. கூட்டம் அசைந்தது இருக்கட்டும், 42.7 மீட்டர் உயர முருகனும் அல்லவா அசைந்திருந்தார்!

முதலில் முக்காலியைச் சந்தேகப்பட்டேன். பிறகு பக்கத்தில் நடந்தவர்களின் காலடி அதிர்வை, பிறகு கேமராவுக்குள் மேலெழும் கண்ணாடியை. ஒன்றும் பொருந்தவில்லை. ஒரு வாரம் கழித்து, கிள்ளான் லிட்டில் இந்தியா பக்கம் பல ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுக்கும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படங்களைப் பார்ப்பதற்கு முன்பே லென்ஸைக் கேட்டு வாங்கினார். பக்கவாட்டில் இருந்த சின்ன சுவிட்சை நகத்தால் தட்டினார்.

"இத ஆன்லயே வச்சிருந்தியா தம்பி?"

"ஆமாண்ணே. ஆடக் கூடாதுன்னுதானே."

"அதான் முக்காலி ஆடாம புடிச்சிருக்கே. வேலை இல்லாதவன வேலைக்கு வச்சா என்ன செய்வான்? அவனா ஒரு வேலைய உண்டாக்குவான்."

அவர் சொன்னது அப்போது முழுதாகப் புரியவில்லை. புரிந்துகொள்ள அந்த லென்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. இதற்கு அம்மாவின் பால்குடத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. குடத்தைத் தலையில் வைத்து நடப்பவரைக் கவனித்துப் பாருங்கள். இடுப்பும் தோளும் ஆடும், குடம் ஆடாது. உடல் இடப்பக்கம் சாய்ந்தால் கழுத்து வலப்பக்கம் ஈடு கொடுக்கும். நடப்பவர் இதை யோசித்துச் செய்வதில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது, கழுத்து கேட்கிறது.

லென்ஸிலும் அதேதான். ஜைரோ எனப்படும் உணரிகள், கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று இடைவிடாமல் அளக்கின்றன. ஒரு சின்னச் சில்லு கணக்குப் போடுகிறது. லென்ஸின் உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதியை மின்காந்தச் சுருள்கள் எதிர்த்திசையில் நகர்த்துகின்றன. கை ஆடினாலும் பிம்பம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கேனன் இதற்கு ஐ.எஸ். என்று பெயர் வைத்திருக்கிறது. நிக்கான் வி.ஆர். என்கிறது, சோனி ஓ.எஸ்.எஸ்., சிக்மா ஓ.எஸ்., டாம்ரான் வி.சி. பெயர்தான் வேறு. மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் கண்ணாடிக்குப் பதிலாகப் படம் பதியும் சென்சாரே நகர்கிறது. 2003இல் மினோல்டா ஒரு கேமராவில் கொண்டுவந்த வழி அது.

இப்போது குடத்தைத் தரையில் இறக்கி வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆடுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் 'ஆடுகிறது, ஆடுகிறது' என்று எண்ணிக்கொண்டு யாராவது குடத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தால்? பால் சிந்தும். என் லென்ஸ் அன்றைக்கு அதைத்தான் செய்தது.

ஆடாதபோது எப்படி ஆடுவதாக எண்ணிக்கொள்கிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, எந்த உணரியும் நூற்றுக்கு நூறு அமைதியாக இருப்பதில்லை. சந்தையில் சில மின்தராசுகள் மேலே ஒன்றும் வைக்காமலே சில கிராம் காட்டும், பார்த்திருப்பீர்கள். ஜைரோவும் அப்படித்தான். கையில் பிடித்திருக்கும்போது கையின் ஆட்டம் பெரிது. இந்தச் சின்னப் பிழை அதில் மறைந்துவிடும். முக்காலியில் வைத்தால் பிழை மட்டும்தான் மிஞ்சும். லென்ஸ் அதை உண்மை என்று நம்பிக் கண்ணாடியை மெல்ல மெல்ல நகர்த்தும். இரண்டாவது காரணம் இன்னும் வேடிக்கை. கண்ணாடித் தொகுதி நகரும்போது உண்டாகும் மெல்லிய அதிர்வு லென்ஸின் உடலில் பரவித் திரும்பவும் உணரிக்கே வந்து சேரலாம். உணரி அதையும் ஆட்டம் என்று எண்ணி மறுபடி திருத்தச் சொல்லும். கோயில் மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் ஊளையிடுமே, அந்தக் கதைதான்.

இதில் பூமிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. முக்காலியும் அதோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. நுட்பமான ஜைரோவுக்கு அந்தச் சுழற்சியும் தெரியும். கேமரா ஆடுகிறதா பூமி சுற்றுகிறதா என்று அதற்குப் பிரித்துச் சொல்வது கடினம். இதனால் நடுக்கத் தடுப்பை ஆறரை ஸ்டாப்புக்கு மேல் கொண்டுபோவது கடினம் என்று ஒலிம்பஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 2016இல் சொன்னது படம் எடுப்பவர்களிடையே பெரிய பேச்சாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த வரம்பையும் தாண்டிவிட்டார்கள். 2020இல் வந்த கேனன் ஆர்5 சில லென்ஸ்களோடு சேர்ந்தால் 8 ஸ்டாப் என்று விளம்பரப்படுத்தப்பட்டது.

ஸ்டாப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/400 விநாடிக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. இரண்டு ஸ்டாப் நடுக்கத் தடுப்பு இருந்தால் 1/100 வரை இறங்கலாம், நான்கு இருந்தால் 1/25. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரம் இரு மடங்கு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இதெல்லாம் கையின் ஆட்டத்துக்கு மட்டும். பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடும் பிள்ளையை 1/25இல் எடுத்தால் திடல் கூர்மையாக இருக்கும், பிள்ளை கலங்கித்தான் இருக்கும். எட்டு ஸ்டாப் இருந்தாலும் அதில் மாற்றம் இல்லை.

அண்ணன் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் விட எனக்கு மனமில்லை. அன்று இரவே வீட்டு பால்கனியில் முக்காலியை வைத்து, எதிர் அடுக்குமாடியின் படிக்கட்டு விளக்கைக் குறி வைத்தேன். கேமராவின் பின்திரையில் அந்த விளக்கைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். முதலில் ஒரு சின்னத் துள்ளல். பிறகு விளக்கு மெதுவாக, குளத்தில் மிதக்கும் பூப்போல, இடப்பக்கம் நகரத் தொடங்கியது. சட்டென்று திரும்பி வந்தது. மறுபடி நகர்ந்தது. சுவிட்சை அணைத்தேன். ஆணி அடித்ததுபோல் நின்றது. பத்துமலைப் படங்களில் இருந்த காற்புள்ளி வால்கள் அத்தனைக்கும் காரணம் என் கண் முன்னால் நடந்தது.

உங்களிடம் லென்ஸ் இருந்தால் இன்றிரவே இதைச் செய்து பார்க்கலாம். விளக்கு இல்லாவிட்டால் சுவரில் ஒரு நாளிதழ்ப் பக்கத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு விநாடி டைமரில், ஷட்டர் 1/60, 1/15, 1/4, 1 விநாடி என்று மாற்றி மாற்றி, சுவிட்சைப் போட்டும் அணைத்தும் ஐந்தைந்து படங்கள் எடுங்கள். எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில லென்ஸ்களில் வித்தியாசமே தெரியாது. சிலவற்றில் அதிர்ச்சியாக இருக்கும். என் லென்ஸில் 1/60இல் பெரிய குறை இல்லை. 1/15இலிருந்து கீழே போகப் போகத்தான் மோசமானது. என்னுடைய கால் விநாடி சரியாக அந்தப் பள்ளத்தில் விழுந்திருந்தது.

ஏன் லென்ஸுக்கு லென்ஸ் மாறுகிறது? வயதுதான் காரணம். 1994இல் நிக்கான் ஒரு சிறிய பிலிம் கேமராவில் நடுக்கத் தடுப்பைக் கொண்டுவந்தது. மாற்றக்கூடிய லென்ஸில் முதலில் வந்தது 1995இல், கேனனின் 75-300 மி.மீ. லென்ஸ். அதெல்லாம் கைக்காகச் செய்தவை. முக்காலி என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. 1999இல் கேனனின் பெரிய தொலை லென்ஸ்கள் வந்தபோதுதான், தாம் முக்காலியில் இருப்பதைத் தாமே கண்டுபிடித்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் புத்தி வந்தது. இன்றைய புதிய லென்ஸ்களும் கேமராக்களும் பலவும் இதைச் செய்கின்றன. சில தாமே அடங்கிவிடும். சில, ஷட்டர் திறக்கும்போது உண்டாகும் சின்ன அதிர்வை மட்டும் திருத்தும். நிக்கானின் சில பெரிய லென்ஸ்களில் முக்காலிக்கென்றே தனி நிலை உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேடு சொல்லும். கையேட்டைப் படிக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம். என் லென்ஸின் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்தேன். முக்காலியில் வைக்கும்போது அணைத்துவிடவும் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. அந்த ஒரு வரியைப் படிக்காததால்தான் பதினான்கு படங்கள் போயின.

இதற்குப் பிறகு நான் செய்த அடுத்த தவறையும் சொல்லிவிடுகிறேன். 'முக்காலி என்றால் அணை' என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அணைத்தேன் சரி, திரும்பப் போட மறந்தேன். உறவினர் திருமணத்தில் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து, கையிலேயே பிடித்து, 200 மி.மீ. நீளத்தில் ஒரு மணி நேரம் எடுத்துத் தள்ளினேன். சுவிட்ச் அணைந்தே இருந்தது. பாதிப் படங்கள் வீண். அங்கே திருமண வீட்டார் அமர்த்திய படக்காரர் இருந்ததால் யாருக்கும் நட்டமில்லை, என் மானம் தவிர. அன்றிலிருந்து சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் லென்ஸ் மூடியில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டி வைக்கிறேன். மூடியைத் திறக்கும்போது கண்ணில் படும்.

ஆனால் 'முக்காலி என்றால் அணை' என்ற விதியே பாதி உண்மைதான் என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. இரட்டைக் கோபுரத்தை எடுக்கக் கோலாலம்பூரில் சலோமா நடைபாலத்தின் மேல் மாலையில் பலர் முக்காலியோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடைபாலம் எதுவானாலும் ஆட்கள் நடந்தால் சற்றாவது அதிரும். நம் காலுக்குத் தெரியாது, 200 மி.மீ. லென்ஸுக்குத் தெரியும். சிங்கப்பூரில் சுங்கை பூலோ, இங்கே கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா போன்ற இடங்களில் மரப்பலகை நடைபாதைகள் உண்டு. ஒரு குடும்பம் பேசிக்கொண்டே கடந்து போனால் பலகை முழுக்கத் தாளம் போடும். அங்கே முக்காலியின் மூன்று காலும் ஆடுகின்ற தரையில்தான் நிற்கின்றன. அதனால் சுவிட்சைப் போட்டு வைத்தால் பயனுண்டு, வேகமான ஷட்டராக இருந்தால் நிச்சயமாக. பல விநாடி திறந்து வைக்கும் இரவுப் படத்துக்கு அதுவும் கைகொடுக்காது. ஆட்கள் கடந்து போகும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்துவதுதான் வழி. பொறுமைக்கு எந்த நிறுவனமும் இன்னும் சுவிட்ச் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே இப்போது நான் பார்ப்பது முக்காலி இருக்கிறதா என்று அல்ல. எது ஆடுகிறது என்று. சிமென்ட் தரை, காற்றில்லை, கேமராவை நான் தொடவில்லை என்றால் அணைத்துவிடுவேன். பறவை எடுப்பவர்கள் போல முக்காலித் தலையைத் தளர்த்தி விட்டு, லென்ஸைக் கையால் திருப்பிக்கொண்டே இருந்தால் போட்டு வைப்பேன். பிரேசர் மலையில் பெரிய லென்ஸோடு வருகிறவர்கள் பலரும் இப்படித்தான் நிற்பார்கள். முக்காலி பளுவை மட்டும் சுமக்கிறது, திசை அவர்கள் கையில் இருக்கிறது. கை இருக்கும் இடத்தில் நடுக்கமும் இருக்கும்.

முக்காலியையே குறை சொல்ல வேண்டிய நேரமும் உண்டு. காற்று வீசினால் தென்னங்கீற்று மாதிரி ஆடும் மலிவு முக்காலியில் 400 மி.மீ. லென்ஸை வைத்துவிட்டுச் சுவிட்சைப் போடலாமா அணைக்கலாமா என்று விவாதிப்பதில் பொருளில்லை. தடித்த கால்களை முதலில் நீட்டுங்கள், மெல்லிய கால்களைக் கடைசியில். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், உயர்த்தினால் அது முக்காலி மேல் வைத்த ஒற்றைக்கால். நீளமான லென்ஸானால் கேமராவைப் பூட்டாமல் லென்ஸின் வளையத்தைப் பூட்டுங்கள். பையை நடுவில் தொங்கவிடுவது நல்லதுதான், ஆனால் அது காற்றில் ஊசலாடாமல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஊசலாடினால் நீங்களே ஆட்டுவது போல.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தடி. தைப்பூசக் கூட்டத்தில் முக்காலி விரிப்பது, உண்மையைச் சொன்னால், மற்றவர்களுக்குத் தொல்லை. நடப்பவர்கள் காலில் இடறும், காவடி சுழலும்போது ஆபத்தும்கூட. அன்றைக்கு எனக்குச் சுவரோரம் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். தடிக்கு ஒரு காலடி இடம் போதும். தலைநகரில் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்படும்போது நெருக்கியடிக்கும் கூட்டத்திலும் தடியை ஊன்றி நிற்கலாம்.

தடியில் நடுக்கத் தடுப்பைக் கட்டாயம் போட்டிருக்க வேண்டும். காரணம் எளிது. தடி, கேமரா மேலும் கீழும் இறங்காமல் தாங்குகிறது, கையின் வலியைப் போக்குகிறது. ஆனால் இடமும் வலமும் திரும்புவதையோ முன்னும் பின்னும் சாய்வதையோ அது தடுப்பதில்லை. அந்த மிச்சத்தைத்தான் லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், சண்டையில்லை. தடியை நேராக ஊன்றாமல் சற்று முன்னால் வைத்து உடம்போடு சாய்த்துக்கொண்டு, இரண்டு கால்களையும் அகட்டி நின்றால் மூன்று கால் ஆகிவிடும். பொத்தானைப் பாதி அழுத்தி, பிம்பம் அடங்க அரை விநாடி, ஒரு விநாடி கொடுங்கள். பிறகு முழுதாக அழுத்துங்கள். அவசரப்பட்டு ஒரே அழுத்தாக அழுத்தினால், நடுக்கத் தடுப்பு விழித்தெழும் அந்தத் துள்ளல் படத்தில் பதிந்துவிடும்.

செப்பாங்கில் பைக் பந்தயம் எடுக்கப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஓடும் வண்டியைக் கூடவே திரும்பித் தொடரும்போது, அந்தத் திருப்பத்தையும் நடுக்கம் என்று எண்ணி லென்ஸ் எதிர்த்து இழுக்கும். அதற்காகத்தான் பல லென்ஸ்களில் இரண்டாவது நிலை இருக்கிறது. அதில் பக்கவாட்டை விட்டுவிட்டு மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் திருத்தும். சில புதிய லென்ஸ்கள் தாமே புரிந்துகொள்கின்றன. திருமண வீடியோ எடுப்பவர்களுக்கும் இந்த இழுப்பு தெரியும். முக்காலியில் கேமராவை மெதுவாகத் திருப்பி நிறுத்தும்போது, காட்சி நின்ற பிறகும் ஒரு சின்ன அடி பின்வாங்கும். அணைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

தடிகூட எடுத்துப் போக முடியாத இடத்துக்கு ஒரு பை பயறு போதும். பிளாஸ்டிக் பையில் பச்சைப் பயறைக் கட்டித் துணிப் பைக்குள் போட்டு, சுவரிலோ கார் ஜன்னலிலோ வைத்து லென்ஸை அதன் மேல் அமர்த்தினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கையால் அழுத்திக்கொண்டிருந்தால் சுவிட்ச் இருக்கட்டும். கையை எடுத்துவிட்டு டைமரில் எடுத்தால் அணைக்கலாம். வீட்டில் ஒரு கிலோ பயறு காணாமல் போனதற்கு விளக்கம் சொல்ல நேரிடும், அதற்கும் தயாராக இருங்கள்.

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்கள் குழம்பும் இடம், லென்ஸிலும் கேமராவிலும் தனித்தனி நடுக்கத் தடுப்பு இருப்பது. பல கேமராக்களில் லென்ஸில் இருக்கும் சுவிட்சே இரண்டையும் ஒன்றாக அணைத்துவிடும். சுவிட்ச் இல்லாத லென்ஸானால் கேமரா மெனுவுக்குள் போய்த்தான் அணைக்க வேண்டும். இரவு வானத்தை முப்பது விநாடி திறந்து எடுக்கிறவர்கள் இதை ஒருமுறை பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

கைப்பேசிக்காரர்கள் இந்தக் கவலையெல்லாம் இல்லாமல் இருக்கலாம். புதிய ஐபோன்கள் முக்காலியில் வைத்ததைத் தாமே உணர்ந்து இரவு நிலையில் நேரத்தை முப்பது விநாடி வரை நீட்டிக் கொடுக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை, குறிப்பாக மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் கைப்பேசியைப் பூட்டி வழி பார்க்கும் உணவு விநியோகத் தம்பிகளுக்கு. கைப்பேசிக் கேமராவுக்குள்ளும் இதே ஜைரோவும் காந்தமும்தான் இருக்கின்றன. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு கைப்பிடி வழியாக நேரே போய் அந்த அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்தது. சிறிய ஸ்கூட்டர்களில் அதிர்வு குறைவு, என்றாலும் அதிர்வைத் தாங்கும் பிடியைப் பயன்படுத்தச் சொன்னது. அங்கே கைப்பேசியைத் தாங்கும் பிடியே அதை ஆட்டி வைக்கிறது.

அம்மா கேட்ட படத்துக்கு வருகிறேன். அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த மார்ச் மாதமே நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2021இல் காவடி இல்லை. அண்ணனின் நேர்த்திக்கடன் 2020ஓடு முடிந்துவிட்டதால் அவருக்கு இனி ஒரு காவடி இல்லை. பழையபடி கூட்டம் கூடியபோது அம்மாவின் முட்டி ஒத்துழைக்கவில்லை. பால்குடம் தூக்கிப் படியேறுவதை மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மென்பொருளில் கூர்மைப்படுத்தும் வித்தையெல்லாம் அந்தப் பதினான்கு படங்களில் செய்து பார்த்தேன். முகம் தெளிவாகவில்லை, தோல்தான் மரப்பட்டை மாதிரி ஆனது.

2024இல், ஜனவரி 25, தைப்பூசத்தன்று அம்மாவை மடக்கு நாற்காலியோடு அடிவாரத்துக்கு அழைத்துப் போனோம். அண்ணன் மகள் பால்குடம் எடுத்தாள். நான் ஒற்றைக்கால் தடியோடு நின்றேன். ஷட்டர் 1/60, லென்ஸ் சுவிட்ச் ஆன், சிவப்பு டேப் மூடியில் இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொண்டேன். பேத்தி பாட்டியின் நாற்காலிக்கு முன்னால் குனிந்து நிற்க, அம்மா குடத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். அந்தப் படத்தில் அம்மாவின் கண்ணாடியில் விளக்குகள் தெரிகின்றன, ஒவ்வொன்றும் புள்ளியாக.

அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். சாமி மேடைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. 2020 படங்களில் ஒன்பதாவது, அம்மாவின் முகமும் முருகனும் இரண்டிரண்டாகத் தெரிவது. எனக்குத் தெரியாமல் அண்ணனிடம் வாங்கிக் கடையில் கொடுத்து அச்சிட்டிருக்கிறார்.

"இதக் கழட்டிட்டுப் புதுச மாட்டுறேம்மா. அது ஆடிப்போன படம்."

"பக்கத்துல மாட்டு. அது இருக்கட்டும்" என்றார். "அதுல ரெண்டு முருகன்ல இருக்காரு?"